ஃபர்னஸ் சர்வீஸ்: நாமே பார்ப்பதா, ஆளைக் கூப்பிடுவதா, மாதத் திட்டமா?

செப்டம்பர் பிறந்ததும் கனடாவின் ஸ்கார்பரோ, மார்க்கம் வீடுகளின் தபால் பெட்டியில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கான சர்வீஸ் விளம்பரங்கள் குவிய ஆரம்பிக்கும். நம் முன்னால் மூன்று வழிகள்: நாமே பார்த்துக்கொள்வது, வருடம் ஒருமுறை டெக்னீஷியனைக் கூப்பிடுவது, மாதாமாதம் பணம் கட்டும் பராமரிப்புத் திட்டம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். மூன்றாவது பெரும்பாலும் பயத்துக்குக் கட்டும் சந்தா.

நம் கையில் இருப்பதில் முக்கியமானது, ஃபர்னஸுக்குள் போகும் காற்றின் தூசியைப் பிடிக்கும் ஃபில்டர். ஒரு அங்குலத் தடிமன் என்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். நாலு அங்குலம் ஆறு மாதம் தாங்கும், சில வீடுகளில் ஒரு வருடம்கூட. ஓரத்தில் அச்சடித்த அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். நல்லதாகப் போடுவோம் என்று ஒரு அங்குலத்தில் மெர்வ் 13 வாங்குபவர்கள் நிறைய (மெர்வ் என்பது தூசி பிடிக்கும் திறனின் அளவு). தூசியைப் பிடிக்கும்தான், ஆனால் காற்றோட்டத்தையும் நெரிக்கும். உள்ளே சூடு ஏறி லிமிட் சுவிட்ச் பர்னரை அணைத்துவிடும். அப்புறம் வருகிற ஆள் ஃபில்டரை உருவிக் காட்டிவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிக்கொண்டு போவார். சாதாரண வீட்டுக்கு மெர்வ் 8 போதும்.

அடுத்தது, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை வெளியே தள்ளும். இலையுதிர் காலத்தில் சருகும் குளவிக்கூடும், ஜனவரியில் பனிக்குவியலும் அவற்றை அடைக்கும். அதைப் பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சுயவேலை இதோடு சரி. எரிவாயுக் குழாய், பர்னர் பக்கம் கை வைக்க ஒன்டாரியோவில் டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் வேண்டும். யூடியூப் பார்த்துத் திறக்கும் இடமல்ல அது. வருபவரிடம் ஜி2 என்ற எரிவாயு டெக்னீஷியன் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம், தவறில்லை. ஜி3 என்றால் மேற்பார்வையின் கீழ்தான் வேலை செய்யலாம்.

நல்ல டெக்னீஷியன் சுடரை உணரும் ஃப்ளேம் சென்சரைத் துடைப்பார், ஃபர்னஸுக்குள் சேரும் நீர் வடியும் டிராப்பைக் கழுவுவார், எரிவாயு அழுத்தத்தை அளப்பார், புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு எவ்வளவு என்று பார்ப்பார், சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் தேடுவார். அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாக்யூம் அடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் கிளம்பினால் அது சர்வீஸ் இல்லை.

இந்த வழியில் ஒரு சிக்கலும் உண்டு. சோதிக்க வருபவரே புது ஃபர்னஸும் விற்பார். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் என்று சொல்லி ஆபத்தை எச்சரிக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டினால் பதறி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். உடனடி ஆபத்து என்றால் ஏ வகைச் சீட்டு, எரிவாயுவை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதை மீறக் கூடாது. உடனடி ஆபத்து இல்லை என்றால் பி வகை, சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். எதுவானாலும் விரிசலைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். பழுது பார்க்கவோ மாற்றவோ இன்னொருவரிடமும் விலை கேளுங்கள். செப்டம்பரில் கூப்பிட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும். மைனஸ் 20-இல் இருக்காது.

மாதத் திட்டத்தில் பார்க்க வேண்டியது பொடி எழுத்துதான். எந்தப் பாகங்கள் சேர்த்தி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் உண்டா, வருடாந்திர சோதனை எந்த மாதம்? சோதனைக்குத் தேதி பிப்ரவரியில் கிடைத்தால் குளிர்காலம் முக்கால்வாசி போயிருக்கும். பதினைந்து வருடப் பழைய ஃபர்னஸ், பனிக்காலத்தில் ஊருக்குப் போகும் பழக்கம், வீட்டில் வயதானவர்கள் என்றால் திட்டத்துக்கு அர்த்தம் இருக்கலாம். புது ஃபர்னஸுக்கு, அதுவும் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, வேண்டாம்.

வாடகை ஃபர்னஸைத் திட்டத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நீண்டகாலக் கடன் மாதிரி. அழையாமல் கதவைத் தட்டி ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவதை ஒன்டாரியோ 2018 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டது. வாடகை நிறுவனம் இதற்காக வீட்டுப் பத்திரத்தில் தன் உரிமையைப் பதிவு செய்வதும் 2024-இல் நின்றது.

மூன்றில் எதை எடுத்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் தனிக் கணக்கு. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில், அடைபட்ட புகைபோக்கியால் அந்த வாயு வீட்டுக்குள் தேங்கி ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் அவர்கள் பெயரில்தான் வந்தது. 2026 ஜனவரி 1 முதல் எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மட்டுமன்றி ஒவ்வொரு மாடியிலும் அது இருக்க வேண்டும். இருக்கிற அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். ஏழிலிருந்து பத்து வருடத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும், பேட்டரி புதிதாக இருந்தாலும்.