புங்க மரம்: நிழலில் குறையில்லை, பெருக்கித்தான் மாளவில்லை

"வீட்டுக்கு மேற்கே உங்க வீட்டுல இருக்கிற மாதிரியே ஒரு புங்கை வச்சிரலாமா?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் இந்த வாரம் மறுபடியும் அடைத்துக்கொண்டது. அதைக் குத்திவிட்ட கையோடு எழுதுகிறேன், கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு வயதாகிவிட்டது. அடிமரம் என் இரண்டு கைக்குள் அடங்காது, கிளை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. கன்று நட்ட ஆர்வத்தில் எழுதும் பதிவு இல்லை இது.

புங்கை எப்படி இருக்கும், எவ்வளவு உயரம் போகும் என்பதெல்லாம் தெரிந்த கதை. தெரியாதது, அதோடு குடித்தனம் நடத்துவது.

புங்கை கொட்டும். எல்லா மரமும்தான் கொட்டும் என்பீர்கள். இது முறை வைத்துக் கொட்டும். வெயில் ஏறுவதற்குச் சற்று முன்னால் மொத்த மரமும் மஞ்சளித்து இலையைக் கழற்றிப் போடும். அது அடங்கி மூச்சு விடுவதற்குள் பூ. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பொடிப்பூ, பார்க்க அழகு, விழுகிற அளவு அநியாயம். பூ ஓய்ந்தால் பிஞ்சு, பிறகு நெற்று. நெற்று விழுந்த இடத்தில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவது தனி வேலை. காலையில் பெருக்கிக் குவித்துவிட்டு முறத்தை எடுத்து வருவதற்குள் பெருக்கின சுவடே தெரியாது.

இலையை, பூவைக்கூட மன்னித்துவிடுவேன். என்னைப் பாடாய்ப் படுத்துவது காம்பு. புங்கை இலை கூட்டிலை, ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருக்கும். உதிரும்போது சிற்றிலைகள் முதலில் போகும், நடுக்காம்பு தனியாகப் பின்னால் விழும். சிற்றிலையைத் துடைப்பம் வாரிக்கொண்டு வந்துவிடும். காம்பு வராது. துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு நடுவே நழுவி அங்கேயே கிடக்கும். மாடியில் விழுந்த காம்பெல்லாம் காற்றில் உருண்டு நேரே குழாய் வாய்க்குப் போகும். வாயில் வலை போட்டிருக்கிறேனே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு காம்பு வலைக்கண்ணில் செருகிப் பாதியில் நிற்கும், இன்னொன்று அதன் குறுக்கே விழும், அதன்மேல் நாலு இலை, அதன்மேல் நனைந்த பூ. பிடுங்கி எடுத்தால் முழுசாக ஒரு குருவிக்கூடு கையோடு வரும். அதற்குள் மழை ஒரு சாத்து சாத்தியிருந்தால் மாடி குளம்தான்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இதில் மரத்தின் பங்கு பாதிதான். வீடு கட்டியவர் போட்ட குழாய் ஒடுக்கம், தரையின் வாட்டமும் சுமார். தட்டையான வலையை எடுத்துவிட்டுக் குமிழாக எழும்பி நிற்கும் வலையைப் பொருத்திய பிறகு அடைப்பு வெகுவாகக் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன், நின்றது என்று சொல்லவில்லை.

இவ்வளவு வசைக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. அதை எந்த நாற்றங்காலிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. புங்கை இலையை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் மொட்டையாக நிற்காது. சில நாளிலேயே செம்பு நிறத்தில் தளிர் எட்டிப் பார்க்கும், பிறகு பளபளவென்று இளம்பச்சை. கோடை உச்சிக்குப் போகும்போது புது இலையோடு கிளைவீச்சு முழுசாக மூடியிருக்கும். குல்மோகரைப் பாருங்கள். பலருக்கும் பிடித்த மரம், பூத்தால் தெருவே சிவக்கும். ஆனால் வெயில் கொளுத்தத் தொடங்கும் நாளில் அது இலையில்லாமல் நெற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். நிழல் மரம் என்று வைத்தால் நிழல் வேண்டிய நாளில் இருக்க வேண்டாமா? புங்கை இருக்கும். இந்த ஒரு கணக்கில் அதை அடிக்க ஆளில்லை என்பது என் கட்சி.

மேற்குச் சுவர் விஷயமும் அப்படித்தான். பிற்பகல் வெயில் சாய்ந்து நேரே சுவரில் அடிக்கும். செங்கல்லும் கான்கிரீட்டும் அந்தச் சூட்டை உள்வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். என் வீட்டு மேற்குச் சுவரில் பாதி மரநிழலில் இருக்கிறது, மீதி வெட்டவெளியில். விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளங்கையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை வைத்துப் பார்த்தால் போதும், மரத்தின்மேல் உள்ள கோபமெல்லாம் இறங்கிவிடும். ஜன்னலுக்கு உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் இது நடக்காது. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகுதானே திரை தடுக்கிறது? மரம் வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. போதாக்குறைக்கு இலை தண்ணீரை ஆவியாக விடுவதால் சுற்றியிருக்கும் காற்றும் கொஞ்சம் தணியும். தகரக் கூரை தரும் நிழலுக்கும் மர நிழலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நிழல் வேண்டும் என்பதற்காக மரத்தைச் சுவரோடு ஒட்டி நட வேண்டிய அவசியமே இல்லை. சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை (டிகிரி) உயரத்தில் இருந்தால் மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு நிழல் விழும். 30 பாகைக்கு இறங்கினால் உயரத்தைப்போல் 1.7 மடங்கு. 20 அடி மரத்தின் நிழல் அப்போது 34 அடிக்கு நீளும். சுவரிலிருந்து 15 அடி தள்ளி நட்டாலும் மாலை வெயிலுக்கு அது காவல் நிற்கும். ஒட்டி நட்டால் கிடைப்பது சுவரை உரசும் கிளையும் நான் மேலே அழுத குழாயும்தான்.

கிளை கழிக்கப் போன வாரம் ஆள் வந்திருந்தார். மரத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "சார், நல்லா மொட்டை அடிச்சு விட்டுடறேன், ரெண்டு வருசத்துக்குத் தலைவலி இல்ல" என்றார். புங்கைக்காரர்கள் எல்லோரும் கேட்கும் வசனம் இது. மொட்டை அடித்தால் வெட்டின இடத்தில் கற்றை கற்றையாகப் போத்து கிளம்பும். அவை மரத்தின் உள்ளிருந்து பிடிமானத்தோடு வந்த கிளைகள் அல்ல, பட்டையை ஒட்டி ஒட்டுப்போட்டவை. வேகமாகக் கனத்துக் காற்றில் முதலில் பிய்த்துக்கொண்டு விழுவதும் அவைதான். வேண்டாம் என்றேன். சரி, அடியில் தொங்குகிற கிளைகளையாவது எடுத்துவிடலாமே என்றார். அதற்கும் வேண்டாம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. மாலை ஐந்து மணி வெயில் கிளைக்கு அடியில் புகுந்துதான் வரும், அதைத் தடுப்பதே அந்தத் தாழ்ந்த கிளைகள். அழகுக்காகத் தூக்கி வெட்டிவிட்டு, மரம் இருந்தும் வீடு காய்கிறதே என்று புலம்புகிறவர்கள் உண்டு.

கடைசியில் மாடிக்குள் நீண்டிருந்த ஒரு பருத்த கிளை மட்டும் இறங்கியது. அந்த மனிதரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். முதலில் கிளைக்கு அடிப்பக்கம் ஓர் அரைவெட்டு, அதைத் தாண்டிச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் இறங்கிய பிறகு மிச்சக் கட்டையைக் கழுத்தருகே சுத்தமாக அறுத்தார். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரமாகத் தடித்திருக்குமே, அதைத் தொடவில்லை. அந்தத் தடிப்பை விட்டால்தான் காயம் மூடும். அடிவெட்டு போடாமல் மேலிருந்து அறுத்தால் கிளை சாயும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும். வெட்டின கட்டையில் பெயின்ட் பூசச் சொன்னவர்களும் உண்டு. பூசவில்லை, அதற்குத் தேவையும் இல்லை.

மற்ற குறைகள் சில்லறை. இலை முழுக்க விரல் நுனி அளவுக்குப் பச்சைக் கொப்புளம் கிளம்பும். வருகிறவர்கள் எல்லாம் மரத்துக்கு என்ன வியாதி என்று கேட்டுவிட்டுத்தான் காபிக்கே உட்காருவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் செய்யும் வேலை, மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை, மருந்து அடிப்பது வீண். பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும். எனக்குச் சந்தோஷம், பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. மாடியில் சோலார் தகடு போடும் எண்ணம் இருப்பவர்கள் மட்டும் இரண்டு முறை யோசிக்கவும். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் ஓரத்தில் நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் இறங்கும்.

வேரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். வேர் கான்கிரீட்டைத் தேடிப் போய் உடைப்பதில்லை, ஈரத்தைத் தேடிப் போகும். கழிவுநீர்க் குழாயில் கசிவு இருந்தால் அதற்குள் நுழையும். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் ஓரிரண்டு அடிக்குள்தான் கிளைவீச்சையும் தாண்டிப் பரவியிருக்கும். அதனால்தான் அடிமரத்தைச் சுற்றி டைல்ஸ் பதித்தால் டைல்ஸ் தூக்குகிறது. அந்த இடத்தை மண்ணாகவே விட்டு, உதிர்ந்த இலையை அங்கேயே போட்டு வருகிறேன். வயலுக்குத் தழையுரமாகப் போகிற இலை, வேரில் தழைச்சத்தைப் பிடிக்கிற குடும்பம். அங்கே தோண்டினால் மண் பொலபொலவென்று வருகிறது. காம்பு மட்டும் மக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதிலும் காம்புதான்!

மாற்று என்ன என்று கேட்டால், வேம்பு நல்ல மரம், ஆனால் கொட்டுவதில் புங்கைக்கு இளைத்ததில்லை. நாட்டு வாதாம் வேகமாக வளர்ந்து தட்டுத்தட்டாக நிழல் தரும். பெரிய இலை என்பதால் வாருவது சுலபம், ஆனால் பழம் தின்ன வௌவால் வந்து சுவரை நாசம் செய்யும். தூங்குமூஞ்சி சாலைக்கும் மைதானத்துக்கும் ஆனது, வீட்டு மனைக்கு அல்ல. ஏழிலைப்பாலை பூக்கும் இரவுகளில் அந்த வாசனை எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளரும் நெட்டிலிங்கத்தை நிழல் மரம் என்று விற்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். மிச்சம் மகிழம். எப்போதும் பச்சை, அடர்த்தியான தழை, சின்ன நட்சத்திரப் பூ. உதிர்ந்த பூவைக் குப்பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே குறை, ஆமை வேகம்.

எனவே தீர்ப்பு. நிழலுக்குப் பத்துக்குப் பத்து. வறட்சி தாங்குவதற்கும், பராமரிப்பு மருந்து கேட்காததற்கும் அதே. என் மரத்தை வெட்டச் சொன்னால் சண்டைக்கு வருவேன். ஆனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம், மகிழம் வையுங்கள். மேற்கே 15 அடிக்கு மேல் திறந்த இடமும், தினம் துடைப்பம் பிடிக்க அலுக்காத ஓர் ஆளும் இருந்தால் மட்டும் புங்கையைப் பற்றிப் பேசலாம். எதை வாங்கினாலும் பையைப் பிரித்துப் பாருங்கள். வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றியிருந்தால் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம். வேர் கிளம்பும் இடம் தரைமட்டத்தில் தெரியும்படி நடுங்கள், கழுத்துவரை புதைக்காதீர்கள்.

மகிழம் நிழல் தருவதற்குள் பையன் கல்லூரியே முடித்துவிடுவானே என்பார் நண்பர், அவர் சுபாவம் அப்படி. அதுவரைக்கும் மேற்கு ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளட்டும்.