குப்பைக் கிடங்குக்கு மண் பரிசோதனை: துளை சரி, பார்வை தப்பு

நெல்லைப் பக்கம் கட்டடத்துக்கு மண் பார்க்கிறவர்களையே குப்பைக் கிடங்குக்கும் கூப்பிடுகிறார்கள். பாளையங்கோட்டை வட்டாரத்தில் இந்த வேலை எடுக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றியது இது, பெயர் வேண்டாம். அஸ்திவாரத்துக்கு என்றால் நாலு ஸ்டார், குப்பைக் கிடங்குக்கு ரெண்டுதான்.

முதலில் நல்லது. எஸ்பிடி சோதனை (சுத்தியல் அடியை எண்ணி மண் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பது) ஒழுங்காக நடக்கிறது: 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரம். தண்டில் சாக்பீஸ் கோடு போட்டு, முதல் 15 செ.மீ. அடிகளைக் கழித்து, அடுத்த 30 செ.மீ.க்குத்தான் எண்ணுகிறார்கள். வின்ச்சில் கயிற்றுச் சுற்று கூடிப்போனால் சுத்தியல் தயங்கி விழும்; அடி எண்ணிக்கை ஏறி, மண் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். இவர்களுடைய ரிக் (துளையிடும் இயந்திரம்) ஆட்கள் அதில் கவனம். மாதிரிக் குழாயின் ரெண்டு முனையையும் மெழுகால் அடைத்து நிழலில் வைக்கிறார்கள். இந்த ஊர் வெயிலுக்கு அதுவே பெரிய விஷயம்.

சரளையைத் தொட்டதும் கோளாறு ஆரம்பம். 50 முறை அடித்தும் 15 செ.மீ. இறங்காவிட்டால் ‘ரெஃப்யூசல்’ (இனி இறங்காது) என்று எழுதிவிட்டு ரிக்கை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். வீடு கட்ட அது போதும். குப்பைச் சாற்றுக்கு வழி பிறப்பதே அதற்குக் கீழேதான். இங்குள்ள நைஸ், சார்னோகைட் பாறைகளில் தண்ணீர் ஓடுவது மக்கிய பாறையிலும் அதன் அடியிலுள்ள வெடிப்புகளிலும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஊறுவதும் அங்கிருந்துதான். பாறையை உருளையாக அறுத்தெடுக்கும் இரட்டைக் குழாய் கோர் பேரல் போட்டு நல்ல பாறைக்குள் சில மீட்டராவது இறங்க வேண்டும். 10 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளைக் கூட்டி ஆர்க்யூடி (பாறை எவ்வளவு முழுசாக இருக்கிறது என்ற சதவீதம்) கணக்கிடுவதோடு நிறுத்தாமல், உடைந்த முகங்களைத் திருப்பிப் பாருங்கள். வெளுப்பாக, கூராக இருந்தால் பேரலில் உடைந்தது. துருநிறம் படிந்திருந்தால் அந்த வெடிப்பில் தண்ணீர் போய் வந்திருக்கிறது. துளைக்குள் விட்ட தண்ணீர் எந்த ஆழத்தில் மேலே திரும்பாமல் போனது என்பது டிரில்லருக்குத் தெரியும்; இவர்களுடைய லாக்கில் (துளைக் குறிப்பேட்டில்) அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பேக்கர் (துளையை இறுக்கி அடைக்கும் ரப்பர்) கட்டி, அழுத்தத்தில் தண்ணீர் விட்டுப் பாறை எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கும் லூஜான் சோதனை செய்யச் சொன்னால் ‘அதுக்கு ரேட் தனி’ என்கிறார்கள். கொடுக்கலாம், தப்பில்லை.

திசையன்விளைப் பக்கத்து இடம் என்றால் துளையை மட்டும் நம்பக் கூடாது. ஆயன்குளம் கிணறு 2021 வெள்ளத்தை நாள்கணக்கில் விழுங்கியும் நிறையவில்லை. அடியில் சுண்ணாம்புப் பாறைப் பொந்துகள். ரெண்டு துளைக்கு நடுவே அப்படி ஒன்று ஒளிந்திருக்கலாம், அதனால் நிலத்துக்குள் மின்சாரம் விட்டு அடியில் இருப்பதைக் கணிக்கும் ரெசிஸ்டிவிட்டி சர்வே கட்டாயம்.

அறிக்கையில் உள்ள நீர்மட்டம் மே மாதத்தில் ஒரே ஒரு நாள் அளந்தது. குப்பைக்கு அடியில் போடும் களிமண் அடுக்கின் அடிக்கும் உச்ச நீர்மட்டத்துக்கும் 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றது 2016 திடக்கழிவு விதி. உச்சம் தெரிவது ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு. ரெண்டு மூன்று துளையிலாவது துளையிட்ட பிவிசி குழாய் இறக்கி, சுற்றிலும் மணல், மேலே பென்டோனைட் (நனைந்தால் உப்பி அடைக்கும் களிமண்), மூடி போட்டு ஒரு மழைக்காலம் அளக்க வேண்டும்.

ஆய்வகத்திலும் அதே கதை. 90 செ.மீ. களிமண் அடுக்கின் ஊடுருவல் வேகம் நொடிக்கு ஒரு செ.மீ.யில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வருடத்துக்கு 3 செ.மீ. அளவுதான். கரிசல் அதற்குத் தோதான மண், ஆனால் காய விட்டால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். உகந்த ஈரத்தைவிட 2, 3 சதவீதம் கூட்டி இடித்த மாதிரியில்தான் சோதிக்க வேண்டும். இவர்கள் தோண்டி எடுத்த மண்ணை அப்படியே சோதித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் அடுக்கு போடுவதற்கு உதவாது.

ஸ்டாரைக் குறைத்ததற்குப் பெரிய காரணம், துளைகளை மூடிய விதம். வெளியே வந்த மண்ணையே மண்வெட்டியால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது சாறு நேராக நிலத்தடி நீருக்கு இறங்க வைத்த ஸ்ட்ரா. சிமென்ட்டும் பென்டோனைட்டும் கலந்த கூழை, குழாயை அடிவரை இறக்கிக் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். ஒரு நாள் கழித்துக் கூழ் கொஞ்சம் அமுங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். இதை வொர்க் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். கடைசி பில்லை அதற்குப் பிறகு பாஸ் பண்ணலாம்.