சீமைக்கருவேல முள்ளுக்கு முந்நூறு ரூபாய் பஞ்சர் கிட் தாங்குமா?

டியூப்லெஸ் டயருக்கென்று ஆன்லைனில் முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்கிற பஞ்சர் கிட்டைப் பற்றியது இது. டப்பா மேல் ஒட்டிய பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சாமான் ஒன்றுதான்: ஓட்டையை அராவ ஒரு ரீமர், ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரியைச் சொருக ஒரு ஊசி, ஐந்தோ பத்தோ திரி, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சொல்யூஷன் (ஒட்டும் பசை) டியூப். ஸ்போக் வீல் வைத்த டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற டியூப் வண்டிக்கு இது உதவாது. வீட்டில் அதுதான் நிற்கிறது என்றால் வாங்க வேண்டாம்.

இந்தக் கிட் ஆணியை மனதில் வைத்துச் செய்தது. காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், புதுவயல் பக்கம் டயரில் அதிகம் ஏறுவதோ சீமைக்கருவேல முள். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது மிலாறு ரோட்டோரம் உதிர்கிறது. கண்மாய்க்கரைப் பாதையைச் சொல்லவே வேண்டாம். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். ஈர ரப்பரில் முள் சுலபமாக வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஆணி ஏறினால் தலை வெளியே தெரியும். முள் அப்படியில்லை. டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகளான பட்டனோடு பட்டனாக முறிந்து, கறுப்புப் புள்ளி மாதிரி நின்றுவிடும். காத்தும் ஒரேயடியாக இறங்காது. சாயங்காலம் சரியாக இருந்த டயர் காலையில் ஐந்தாறு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) குறைந்து கிடக்கும். அதனால் பாதி வேலை ஓட்டையைத் தேடுவதுதான், அதற்குக் கிட்டில் ஒன்றும் கிடையாது. சோப்புத்தூள் கரைத்த தண்ணீரும் ஒரு ஸ்பிரே பாட்டிலும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காத்தை முழு அளவுக்கு ஏற்றுங்கள். குறைந்த காத்தில் முள் ஓட்டை குமிழி விடாது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைக் கால் பங்கு கால் பங்காகத் திருப்பி, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பொடிக் குமிழி நுரையாகத் திரளும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வால்வு வாயிலும் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி அங்கே வந்தால் டயரில் குற்றமே இல்லை. பத்து, இருபது ரூபாய் வால்வு பின்னை மாற்றினால் முடிந்தது.

ரீமரை எடுப்பதற்கு முன் முள் எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். மூக்குக் குறடால் பிடுங்கும்போதே அது தெரியும். முள் சாய்ந்து போயிருக்க, ரீமரை நேராகக் குத்தினால் பக்கத்தில் இன்னொரு ஓட்டைதான் விழும். அப்புறம் திரி ஒரு வழியில், காத்து ஒரு வழியில். சாய்வு தெரியாவிட்டால் மெல்லிய கோணூசியை விட்டு வழி தேடிக்கொள்ளலாம்.

மலிவான கிட் தோற்பது இங்கேதான். முள் ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் ரீமரை இறக்க உடம்பு பலம் முழுதும் வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் கம்பி கைப்பிடிக்குள்ளேயே சுற்றும், அல்லது கைப்பிடி விரியும். இரும்பில் டி வடிவக் கைப்பிடி உள்ளதைத்தான் வாங்க வேண்டும், விலை நூறு ரூபாய் கூடினாலும். ரீமரை வலச்சுற்றாகவே இறக்கி, வலச்சுற்றாகவே வெளியே எடுங்கள். கார் ரேடியல் டயரில் உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் உண்டு. அறுந்த கம்பி முனை திரியை நாளடைவில் அறுக்கும் என்பதால் நான்கைந்து முறை ஏற்றி இறக்கி முனையை மழுக்க வேண்டும். ஸ்கூட்டர், பைக் டயரில் பெரும்பாலும் நைலான்தான், இரண்டு முறை போதும். ஓட்டையைத் தேவைக்கு மேல் பெரிதாக்காதீர்கள்.

கிட்டோடு வரும் திரி பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன், கார் டயருக்கு ஏற்றது. ஸ்கூட்டரில் முள் ஓட்டைக்கு 4 மில்லிமீட்டர் திரி போதும். டயர் கடையில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். வெயிலில் கிடந்து காய்ந்த திரி பிடிக்காது. திரியை ஊசிக்காதில் நடுவாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, இரண்டு வாலும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்வரை அழுத்தி, ஊசியைத் திருகாமல் ஒரே இழுப்பில் உருவுங்கள். மிச்ச வாலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு பிளேடால் வெட்ட வேண்டும். வெட்டும்போது வாலை இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். பிறகு காத்து ஏற்றி, திரும்பவும் சோப்புத் தண்ணீர்.

சொல்யூஷன் டியூப்தான் கிட்டின் மட்டமான சாமான். ஒரு முறை திறந்தால் அடுத்த பஞ்சருக்குள் உள்ளேயே இறுகிப்போகும். அது தீப்பற்றும் பொருள் வேறு, சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைக்காதீர்கள்.

எதை வீட்டில் தொடக் கூடாது என்பதும் உண்டு. பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டைக்கு மட்டும்தான் திரி. தோளிலோ (பட்டன் முடிந்து பக்கவாட்டு தொடங்கும் விளிம்பு) பக்கவாட்டிலோ ஏறியிருந்தால் டயரே மாற வேண்டும். அந்த இடம் உருளும்போது மடங்கி விரிவதால் திரி நிற்காது. காரில் குடும்பத்தோடு ராமேஸ்வரம், திருச்சி என்று வேகமாகப் போகிறவர்கள், டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் அடைப்பு) போட்டுக்கொள்வது நல்லது. வெளியிலிருந்து சொருகும் திரியைத் தற்காலிக வேலையாகத்தான் டயர் தொழிலில் கணக்கு வைக்கிறார்கள். நடைமுறையில் ஸ்கூட்டரில் அந்தத் திரியே டயர் தேயும்வரை ஓடுகிறது, அது வேறு கதை.

கிட்டோடு சேர்த்து 12 வோல்ட் கம்ப்ரசரும் வாங்கச் சொல்லி ஆன்லைனில் தள்ளுவார்கள். கார் இருந்தால் வாங்குங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஷெட்டுக்கு வெளியே வைத்து ஏற்றுங்கள். மூடிய ஷெட்டில் புகை ஆபத்து. பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும், பித்தளை முனை கையைச் சுடும். முனையைத் திருகிக் கழற்றுவதற்குள் கொஞ்சம் காத்து போகும் என்பதால் ஒரு பிஎஸ்ஐ கூடுதலாக ஏற்றுங்கள். ஸ்கூட்டர் மட்டும்தான் என்றால் கம்ப்ரசர் வீண் செலவு. அது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஸ்கூட்டரின் சின்ன பேட்டரி அதற்கு ஈடுகொடுக்காது. காலால் மிதிக்கிற பம்பு போதும், கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை.

எந்தப் பம்பானாலும் அதிலுள்ள மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு மூன்று பிஎஸ்ஐ முன்னே பின்னே காட்டும். நல்ல கேஜ் ஒன்றோடு ஒப்பிட்டு, எவ்வளவு வித்தியாசம் என்று டப்பா மேலேயே எழுதிவையுங்கள். அளப்பது காலையில், வண்டி ஓடுவதற்கு முன். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும். மத்தியான வெயிலில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காத்தை இறக்கிவிட்டால் மறுநாள் விடியலில் டயர் குறைவாக நிற்கும், பஞ்சர் என்று நினைத்து மறுபடி சோப்புத் தண்ணீர் கரைப்பீர்கள்.

கடையில் பஞ்சர் ஒட்ட நூறு, நூற்றைம்பது ஆகிற இடத்தில் மூன்று முள்ளிலேயே கிட் காசு வந்துவிடும். இரும்புக் கைப்பிடி, தனியாக வாங்கிய மெல்லிய திரி, மூக்குக் குறடு என்று சேர்த்துக்கொண்டால் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடியோடு வருவதற்கு இரண்டுதான்.