வன்னி வளவில் பீப்பாய்க் கள்ளி: ஒன்பதாவது வருடத்தில்

2017 பங்குனியில் பீப்பாய்க் கள்ளியில் இரண்டு வகை, ஐந்து கன்றுகள் வாங்கி வந்தேன். மூன்று தங்கப் பீப்பாய், இரண்டு ஃபெரோகாக்டஸ் விஸ்லிசெனி. இன்று கிளிநொச்சி வளவில் நிற்பவை மூன்று.

விஸ்லிசெனியை உறைபனி தாங்கும் கள்ளி என்று புகழ்வார்கள். உண்மைதான், ஆனால் வேர் காய்ந்திருந்தால்தான் அது பனியைத் தாங்கும். அதன் சொந்த இடமான அமெரிக்காவின் அரிசோனாவில், ரூசன் நகரப் பக்கம் வருடம் முழுக்க 300 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. எங்களுக்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிலேயே அதைவிடக் கூடக் கொட்டிவிடும். அங்கே குளிர் என்றால், இங்கே மாரி. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு செடி போனது.

முதலாவது, தங்கப் பீப்பாய். வாங்கிய தும்புத்தூளோடு அப்படியே நட்டுவிட்டேன். வெளியே மண் காய்ந்து வெடித்திருக்க, உள்ளே தும்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. கார்த்திகையில் ஒருநாள் அடியில் விரலை வைத்தேன். பழுத்த பப்பாசி மாதிரி உள்ளே போனது. இரண்டாவது, விஸ்லிசெனி. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த வெள்ளத்தில், பள்ளத்தில் நின்றது மூழ்கிப் போனது.

பக்கத்து வளவு அண்ணை வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “மாரியிலை மிளகாய்க்கு மண் அணைச்சு உயர்த்திறம். இதை மட்டும் ஏன் தங்கச்சி பள்ளத்திலை வைச்சனி?”

அந்தக் கேள்விதான் என் தோட்டத்தை மாற்றியது. இரண்டடி மேடு போட்டோம். அடியில் உடைந்த ஓடு, மேலே கிரவலும் சல்லியும் பெரும்பங்கு, செம்மண் கொஞ்சம். வேரில் ஒட்டியிருந்த தும்பை முழுக்கக் கழுவி, ஒரு கிழமை நிழலில் உலரவிட்டு நட்டேன். வெட்டுப்பட்ட வேருக்குக் கறுவாத்தூள். ஐப்பசி பிறந்ததும் ஒளி புகும் தகட்டுக் கூரை. நாலு பக்கமும் திறப்பு, வாடைக்காற்று போய் வரவேணும். குளக்கரைக் களிமண் வளவுக்காரர் மேடு போடாமல் இதை வாங்கவே வேண்டாம்.

கோடை இவ்வளவு சிக்கல் இல்லை. ஆனால் நிழலில் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் வைக்காதீர்கள். முதல் வருடம் மேற்குப் பக்கம் வெளுத்துத் தக்கை போலான தழும்பு இன்னும் மாறவில்லை, மாறாது. ஒரு மாதம் கிடுகு மறைப்புப் போதும். பத்து நாளுக்கு ஒருதரம், பொழுது பட்ட பிறகு தண்ணீர். ஆவணியில் விலா மடிப்புகள் சுண்டுவிரல்கூட நுழையாதபடி ஒடுங்கும். தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாளில் விரியும். அதைப் பார்க்கவே நான் விடிய எழும்புகிறேன். வெள்ளைப் பஞ்சுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட் தொட்ட தூரிகை.

வளர்ச்சி மெதுவோ மெது. தங்கப் பீப்பாய் இப்போதுதான் உரிக்காத தேங்காய் அளவு. பூவுக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது.

2025 கார்த்திகையில் டித்வா புயல் தகட்டைப் பறித்துக்கொண்டு போனது. மூன்று செடியும் நாள்கணக்கில் நனைந்தன. தண்ணீர் மேட்டில் நிற்கவில்லை. கூரையைவிட மேடுதான் பெரிது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். மாசி வரை ஒரு சொட்டும் விடவில்லை. பங்குனியில் விஸ்லிசெனியின் உச்சியில் புது முட்கள் சிவப்பாக வந்திருந்தன.