முருகைக்கல்லில் வாழும் நச்சு அல்கா: நுணுக்குக்காட்டி போதுமா, டி.என்.ஏ. வேண்டுமா?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் கடற்பாசி சேர்க்கப் போகும் மாணவரிடம் கரையில் நிற்கும் மீனவர் கேட்பது ஒன்றைத்தான்: "இது மீனக் கெடுக்குமா இல்லியா, அதச் சொல்லுங்க மகன்." எந்த முறையில் அடையாளம் காண்பது என்று முடிவெடுக்க இந்தக் கேள்வியே சரியான உரைகல்.

சிகுவாட்டெரா என்னும் மீன்நஞ்சு கம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணல்காவில் தொடங்குகிறது. இறந்த முருகைக்கல்லிலும் (பவளப்பாறை) அதில் முளைத்த பாசியிலும் அது ஒட்டி வாழும். பாசி மேயும் மீன் அதையும் சேர்த்து விழுங்கும். அந்த மீனைத் தின்னும் கலவாய், சீலா, அஞ்சாலை போன்றவற்றில் நஞ்சு சேரும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. 1998 இல் கடல் சூடேறி முருகைக்கல் வெளிறியபோது இலங்கையின் முருகைக்கற்பாறைகள் பெருமளவு இறந்தன. அப்படி வெறுமையான கல்லில்தான் பாசி படரும். ஆகவே கிழக்குக் கரையில் இந்தத் தேடலை நாம் செய்தே ஆகவேண்டும்.

முதலில் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி. பாசியைக் கடல்நீருடன் ஒரு பையில் போட்டு நன்றாகக் குலுக்கி, 200 மைக்ரோன் வலையில் வடித்து, 20 மைக்ரோன் வலையில் தங்குவதைப் பார்க்க வேண்டும். மேலிருந்து வட்டமாக, பக்கவாட்டில் தட்டையாக, கரும்பழுப்பில் தெரிவது கம்பியர்டிஸ்கஸ். கூடவே வேறு நுண்ணல்காக்களும் வரும்: ஒரு முனை கூராகி நீர்த்துளி போல இருப்பது ஒஸ்ட்ரியோப்சிஸ். முட்டை வடிவில், நடுவே வெளிறிய புள்ளியோடு, செல்லைச் சுற்றி ஓடும் இடுப்புப் பள்ளம் இல்லாமல் இருப்பது புரோரோசென்ட்ரம் லைமா. இந்த மூன்றையும் பிரித்தறிய ஒரு வாரப் பயிற்சி போதும். செலவும் குறைவு. ஆனால் கம்பியர்டிஸ்கஸ் என்ற சாதி (பல இனங்கள் அடங்கிய தொகுதி) தெரியுமே தவிர, அதில் எந்த இனம் என்று தெரியாது.

இனம் ஏன் முக்கியம்? 1979 இல் பெயரிடப்பட்ட கம்பியர்டிஸ்கஸ் டொக்சிகஸ் 1995 வரை அந்தச் சாதியின் ஒரே இனமாக இருந்தது. பிறகு புதிய இனங்கள் வரிசையாக வந்தன. 2015 இல் உருண்டை வடிவானவற்றைப் பிரித்து ஃபுகுயோவா என்று தனிச் சாதியாக்கினார்கள். இவற்றின் நச்சுத்தன்மையில் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. பசிபிக்கில் கம்பியர்டிஸ்கஸ் பொலினீசியென்சிஸ் என்ற இனம் கடும் நஞ்சு செய்யும். அதே சாதியில் மிகக் குறைவாகச் செய்பவையும் உண்டு. "கம்பியர்டிஸ்கஸ் கண்டோம்" என்று மட்டும் எழுதினால் மீனவருக்குப் பதில் கிடைக்காது, வீண் பயம்தான் கிடைக்கும்.

அடுத்த படி கல்கோஃபுளோர் சாயம். செல்லின் உறைத்தகடுகள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். உச்சித் துளை தூண்டில் முள் போல வளைந்திருப்பது, இரண்டாம் மேல்தகடு கோடாலி வடிவமா நீள்சதுரமா என்பது எல்லாம் தெளிவாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். பார்த்துப் பார்த்துக் கண் பழகும். இலத்திரன் நுணுக்குக்காட்டி இதைவிட நுட்பமாகக் காட்டும், ஆனால் செலவும் காத்திருப்பும் மிக அதிகம். முதல் ஆய்வுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், தகடுகளை வைத்துப் பிரிக்க முடியாத இனங்களும் இருக்கின்றன.

அங்கேதான் டி.என்.ஏ. வெல்கிறது. ரைபோசோம் மரபணுவின் ஒரு பகுதியை வாசித்தால் உருவம் ஏமாற்றும் இனங்களும் பிரிந்துவிடும். டி.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் வேகமான அளவீட்டு பி.சி.ஆர். எத்தனை செல்கள் என்பதையும் மதிப்பிட்டுத் தரும். ஆனால் அந்த முறை நாம் முன்கூட்டித் தேர்ந்த இனத்தை மட்டுமே தேடும். புதிதாக ஒன்று இருந்தால் கண்டுகொள்ளாது. ஒரு கடற்கரையை முதன்முறை ஆராயும்போது டி.என்.ஏ. வரிசையை வாசிப்பதே மேல்.

இவ்வளவு செய்தாலும் பெயர்தான் கிடைக்கும், நஞ்சின் அளவு கிடைக்காது. ஒரே இனத்தில்கூட ஆய்வுகூட வளர்ப்புக்கு வளர்ப்பு நஞ்சு மாறும். நஞ்சை அளக்க நரம்புச்செல் சோதனையோ நஞ்சு மூலக்கூறுகளைப் பிரித்து அளக்கும் திரவ நிறப்பகுப்பு நிறைமானியோ வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பசிபிக் வகைச் சிகுவாட்டெரா நஞ்சுக்கு வைத்த வழிகாட்டு எல்லை மீனின் ஒரு கிலோவுக்கு 0.01 மைக்ரோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்கும் கருவியும், ஒப்பிடத் தேவையான தூய நஞ்சும் கிடைப்பது அரிது. அந்த வசதியுள்ள ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புவதே வழி.

என் தெரிவு: வந்தாறுமூலை (கிழக்கு) அல்லது ஒலுவில் (தென்கிழக்கு) பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் ஒளி நுணுக்குக்காட்டியிலும் கல்கோஃபுளோரிலும் கைதேர்ந்து, சந்தேகமான செல்களை மட்டும் டி.என்.ஏ.க்கு அனுப்பட்டும். மாதிரி எடுக்கப் பாசியைப் பிடுங்குவதைவிட, ஜன்னல் கொசுவலைத் துண்டை 24 மணி நேரம் கல்லருகே கட்டித் தொங்கவிட்டு அதில் ஒட்டும் செல்களை எடுப்பது நல்லது. பாசி வகைக்கேற்ப எண்ணிக்கை மாறும் குழப்பம் இராது. 2019 இல் சரணாலயமான காயன்கேணியில் எதையும் பிடுங்காமலே வேலை முடியும், ஆனால் வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றில் வலை நிற்காது. சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியானதும் கட்டுங்கள்.

எடுத்த மாதிரியைக் கரையிலேயே மூன்றாகப் பிரியுங்கள்: தகடு பார்க்கப் போமலினில் ஒன்று, டி.என்.ஏ.க்கு எதனோலில் ஒன்று, நஞ்சுக்கு ஐஸ் பெட்டியில் ஒன்று. போமலினில் போட்டதிலிருந்து பிறகு நல்ல டி.என்.ஏ. எடுப்பது மிகவும் கடினம்.