காலக்கெடுவா, கண்காணிப்பா? மிச்சிகனும் ஐடஹோவும்

2009 ஆகஸ்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரக் காவல்துறைக் கிடங்கு ஒன்றில் 11,341 தடயப் பெட்டிகள் கிடந்தன. ஒவ்வொன்றும் சிறிய அட்டைப்பெட்டி. உள்ளே பஞ்சுக் குச்சிகள், ஒட்டிய உறைகள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் பல மணி நேரப் பரிசோதனையைத் தாங்கிக்கொண்டு கொடுத்த சாட்சியம் அது. அதைத் தூசியில் போட்டு வைத்திருந்தார்கள் என்பதை இன்றும் என்னால் ஆறிய மனதோடு எழுத முடியவில்லை.

மிச்சிகன் 2014இல் காலக்கெடுவைச் சட்டமாக்கியது: காவல்துறை 14 நாட்களில் பெட்டியை மருத்துவமனையிலிருந்து எடுக்க வேண்டும், அடுத்த 14 நாட்களில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆய்வகம் 90 நாட்களில் முடிக்க வேண்டும். ஆனால் அந்த 90 நாட்களுக்கு, 'போதிய ஆட்களும் வசதியும் இருந்தால்' என்று ஒரு நிபந்தனை. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டதுபோல!

இன்னொரு அமெரிக்க மாநிலமான ஐடஹோவின் 2016 சட்டத்திலும் காலக்கெடு உண்டு. ஆனால் அந்த மாநிலத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது கண்காணிப்பு முறைதான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். பாதிக்கப்பட்டவர் அதை இணையத்தில் இட்டால், பெட்டி மருத்துவமனையிலா, காவல் நிலையத்திலா, ஆய்வகத்திலா என்று தெரியும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த மென்பொருளை மற்ற மாநிலங்களுக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள்.

எண் மட்டும் பெட்டியை நகர்த்தாது, உண்மைதான். இருந்தும் என் ஓட்டு ஐடஹோவுக்கே. கெடு தவறியதை முதலில் அறிய வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே.