பியர் பம்பும் ஜங்ஷன் அண்ணாச்சியும்

லீவில் திருநெல்வேலிக்கு வந்தால் உண்டான கோயில், அல்வா, குற்றாலம் எல்லாம் இந்த முறையும் வழக்கப்படி நடந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன். எழுத வேண்டியது ஒரு பம்பு ரிப்பேரைப் பற்றி.

இங்கிலாந்தில், லீட்ஸில் எங்கள் வீட்டுக் கராஜில் சின்னதாக ஒரு பார் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது கையால் இழுக்கிற பியர் பம்பு. அங்கத்திய பீப்பாய் பியரை காஸ் ஏற்றித் தள்ளுவதில்லை. பிடியை இழுத்தால் பிஸ்டன் மேலேறும், கீழே பீப்பாயில் இருக்கும் பியரை உறிஞ்சிக் கொண்டுவரும். ஜோசப் பிராமா 1797-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு, இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. நம் ஊர் அடிபம்புக்கு நெருங்கிய சொந்தம்.

அது கொஞ்ச நாளாகவே காற்று இழுத்தது. பிடி லேசாக வந்தது, கிளாஸில் பாதிக்குக் குமிழிதான். பீப்பாய்க்குள் காற்றுப் போக விடும் மேல் ஆப்பு இறுகியிருந்தால் பிடி கனக்கும், விட்டால் பின்னுக்கு ஓடும், இது அப்படியில்லை. நீளக் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டுக் குழாயை வாளித் தண்ணீரில் போட்டு இழுத்தேன். அப்போதும் குமிழி. ஆக, கோளாறு பம்பிலேயேதான். அங்கே விசாரித்ததில் பிஸ்டன் சீலை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் தீரவில்லை. அடுத்து சிலிண்டரையே மாற்றச் சொன்னார்கள். எல்லாம் மெயிலிலேயே. பொருளைக் கையில் வாங்கிப் பார்க்க ஒருவரும் தயாரில்லை.

அதனால் சிலிண்டரைப் பிஸ்டனோடு கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஊரிலும் முதலில் எரிச்சல்தான். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே "அந்த மாடல் வராது சார்" என்றார்கள். எந்த மாடல் என்றே பார்க்கவில்லை! ஒரு லேத் பட்டறையில் "வச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பாப்போம்" என்றார்கள். மறுநாளும் அதே பேச்சு. நான் சுற்றிக் கொடுத்த பேப்பர் பிரியாமல் அப்படியே கிடந்தது. லீட்ஸில் முடியாது என்றால் முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடுவார்கள். லீவில் வந்தவனுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று இவர்களுக்கு யார் சொல்வது?

சித்தப்பாதான் ஜங்ஷன் பக்கம் அடிபம்பு ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சியிடம் கூட்டிப்போனார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல என்ன ஏறும்?"

பியர் என்றேன். காஸ் கிடையாது, பீப்பாய் 12 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், திறந்தால் மூன்று நாளுக்குள் குடித்துவிடுவது நல்லது என்றும் சொன்னேன். "நம்ம ஊரு வெயிலுக்கு நிக்காதே" என்றபடி, அடியில் உள்ள வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டன் கம்பியை மேலே இழுத்து விட்டார். உள்ளே காற்றுப் புகாமல் இருந்தால் கம்பி தானே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை.

அப்புறம் மேல் வாயை அடைத்து, அடிவாயில் சைக்கிள் பம்பை மாட்டிக் காற்றடித்து, சிலிண்டரை வாளிக்குள் முக்கினார். அடிமூடியில் நிப்பிள், அதாவது குழாய் மாட்டும் முனை, உட்காரும் இடத்திலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது.

"சீலு நல்லாத்தான் இருக்கு தம்பி. அத எத்தன தடவ மாத்தினாலும் கேக்காது. காத்து கீழ இருந்துல்லா வருது."

நிப்பிளைக் கழற்றினால், உள்ளே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தட்டையாகி ஒரு பக்கம் வெடித்திருந்தது. அந்த இடத்தில் இழுக்கும்போது மட்டும்தான் காற்று உள்ளே போகும். சும்மா இருக்கையில் ஒரு சொட்டுகூட வெளியே வராது. ஒழுகினால் நானே என்றைக்கோ கண்டுபிடித்திருப்பேன்.

இது குடிக்கிற சாமான் என்பதால் தன்னிடம் இருந்த கறுப்பு வாஷரை அவர் போடவில்லை. ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்கிற கடைக்கு என்னை அனுப்பி அதே அளவில் ஓ-ரிங் வாங்கிவரச் சொன்னார். மாட்டும்போது கிரீஸ் டப்பாவை எடுத்தார். எண்ணெய்ப் பசை பட்டால் பியரில் நுரை நிற்காது என்றேன். "அப்ப வேண்டாம், தண்ணிய தொட்டே போடுதேன்" என்று உடனே வைத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். சொன்னதைக் கேட்டார், காரணத்தையும் புரிந்துகொண்டார். மறுபடி கட்டைவிரல் வைத்து இழுத்து விட்டார். கம்பி சட்டென்று கீழே போனது.

கூலி நூற்றைம்பது ரூபாய். லீட்ஸில் அந்தக் காசுக்கு ஆள் வாசல்படிகூட ஏற மாட்டார்.

லீட்ஸ் திரும்பி மாட்டினேன். குமிழி இல்லை, பிடியில் பழைய கனம் வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு அடிபம்பு இருந்த காலம் போய்விட்டதால் அண்ணாச்சி இப்போது பெரும்பாலும் சப்மெர்சிபிள் மோட்டார் வேலைதான் பார்க்கிறார். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கிராமங்களுக்குக் கிளம்பிவிடுவார். சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், நிப்பிள், குழாய்த் துண்டு எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.